கற்பிப்போர் கற்கும் நாள்

நம் பிள்ளைகள் பள்ளியில் என்ன கற்கின்றனர் என்பதைப் பற்றி இப்பகுதியில் எழுதுவது நம் வழக்கம். இத்திங்கள் அவர்களுக்குக் கற்பிப்போர் என்ன கற்க வேண்டும் என்பதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். கணக்கும் இலக்கணமும் கற்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் மனிதனை மனிதன் தாழ்த்திய வரலாற்றைக் கற்பிக்கவும் பயிற்சி வேண்டும் என்று சொன்னால் வியப்போர் பலர். "அதற்கென்ன பயிற்சி? நல்ல மனம் இருந்தால் போதாதா?" என்பர். நல்ல மனம் மட்டும் போதாது என்பதே நாம் கூற வந்த செய்தி.

சித்தூர் எல்லைப் பகுதியிலிருந்து வெளியூர் வந்து வாழும் அன்பர்களுக்கு வெதுருகுப்பம் என்ற பெயர் புதிதன்று. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் என்பது தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவான சொல். 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் அந்நிலத்தின் பெரும்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. வெதுருகுப்பம் ஆந்திரத்திலேயே நின்றது. இன்று அது சித்தூர் மாவட்டத்தின் ஒரு மண்டலம். கங்காதர நெல்லூர்த் தனித் தொகுதிக்குள் அடங்கியது. அருகிலுள்ள கார்வேட்டிநகரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நாடெங்கும் மாவட்டந்தோறும் தோன்றிய நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

சித்தூர் வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பெயர்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். சில பள்ளிகளின் பெயர்களில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஏ.ஏ.டபிள்யூ. என்றிருந்தால் ஆதி ஆந்திர வாடா; எச்.டபிள்யூ. என்றிருந்தால் ஹரிஜனவாடா. அஃதாவது அப்பள்ளி ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, யார் பிள்ளைகள் அதில் படிக்கின்றனர் என்பதைப் பெயர்ப் பலகையே சொல்லிவிடும். அந்தப் பலகையின் கீழ் நாள்தோறும் நுழைகின்ற சிறுவன் ஒருநாள் தன் ஆசிரியரைப் பார்த்து, "ஐயா, நம் பள்ளிப் பெயரில் உள்ள இந்த எழுத்துகளுக்குப் பொருள் என்ன?" என்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்?

ஆயத்தம் இல்லாத ஆசிரியர், "அது சர்க்கார் வைத்த பெயர், நீ பாடத்தைப் படி" என்று வாயை அடைத்துவிடலாம். அல்லது, "அது உங்கள் தெருவின் பெயர்" என்று சொல்லிப் பிள்ளையின் தலையைக் குனிய வைத்துவிடலாம். இரண்டுமே தீங்கு. கற்றறிந்த ஆசிரியரிடம் மூன்றாவது விடை ஒன்று உண்டு. அது பெருமிதம் தரும் விடை.

1917ஆம் ஆண்டு பெஜவாடாவில், இன்றைய விஜயவாடாவில், ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாடு ஒன்று கூடிற்று. ஐதராபாத்தைச் சேர்ந்த பாக்யரெட்டி வர்மா அதற்குத் தலைமை தாங்கினார். பஞ்சமர் மாநாடு என்று கூட்டப்பட்ட அது, நாங்கள் ஐந்தாம் வருணத்தார் அல்லர், இம்மண்ணின் முதற்குடிகள் என்று சொல்லி ஆதி ஆந்திரர் என்னும் பெயரை ஏற்றது. சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. ராஜா இதே கோரிக்கையை எழுப்பினார். அவர் பள்ளி ஆசிரியராய் இருந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் பயனாய் 1922இல் சென்னை அரசு பஞ்சமர், பறையர் முதலிய சொற்களை விடுத்து, தமிழ் பேசுவோரை ஆதி திராவிடர் என்றும் தெலுங்கு பேசுவோரை ஆதி ஆந்திரர் என்றும் ஆவணங்களில் குறிக்க ஆணையிட்டது. அந்நாளில் சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. இரு மொழியும் கலந்து வழங்கும் நிலம் அது.

ஆகவே, ஏ.ஏ. என்னும் அவ்விரண்டெழுத்து மேலிருந்து எவரோ இட்ட வசைப்பெயர் அன்று. தம்மை இழித்துரைத்த பெயரை உதறி, தாமே தேர்ந்துகொண்ட பெயர் அது. ஆனால் காலப்போக்கில் அதே பெயர் ஊரையும் வாடாவையும் பிரித்துக் காட்டும் எல்லைக்கல்லாகவும் மாறிவிட்டது. ஹரிஜன் என்னும் சொல்லின் கதையும் இத்தகையதே. அன்போடு வழங்கப்பட்டதாயினும் அம்மக்களில் பலர் அதனை விரும்பவில்லை. 1982இல் மத்திய அரசே சாதிச் சான்றிதழ்களில் அச்சொல்லை எழுதலாகாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்திற்று. இத்தனையும் ஒரு பெயர்ப் பலகைக்குள் இருக்கின்றன. பெரிய நூலகம் தேவையில்லை. தன் பள்ளி வாசலிலேயே ஆசிரியருக்கு வரலாற்றுப் பாடம் காத்திருக்கிறது. அதனைப் படிக்கத் தெரிவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இத்துறையில் நமக்கு முன்னே நடந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அவர்களுள் கார்ட்டர் உட்சன் என்பாரின் வாழ்க்கை நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1875இல் பிறந்தவர் அவர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துவிட்டு, ஏறக்குறைய 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார். 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களுக்கு வரலாறே இல்லை என்று கற்றோரும் பேசிய காலம் அது. 1915இல் அவ்வரலாற்றை ஆராய ஒரு கழகம் நிறுவினார். 1926இல் பிப்ரவரித் திங்களின் இரண்டாம் வாரத்தை நீக்ரோ வரலாற்று வாரம் என்று அறிவித்தார். அன்றைய வழக்கில் இருந்த சொல் அது. 1976இல் அவ்வாரம் திங்களாக விரிந்தது. பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர்த் திங்களில் இதனைக் கொண்டாடுகின்றனர்.

உட்சனிடம் நாம் கற்க வேண்டியது விழாவை அன்று. விழாவுக்குப் பின்னால் அவர் செய்த வேலையை. ஒரு வாரம் அறிவித்தால் மட்டும் பள்ளிகள் கற்பித்துவிடமாட்டா என்பதை அவர் அறிந்திருந்தார். தம் பயிற்சிக் காலத்தில் ஒரு சொல்லும் கேட்டிராத வரலாற்றை ஆசிரியர் எவ்வாறு கற்பிப்பார்? எனவே படங்களும் பாடக் குறிப்புகளும் சிறு நாடகங்களும் ஆயத்தம் செய்து பள்ளிகளுக்கு அனுப்பினார். 1937இல் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கருதித் தனி இதழ் ஒன்றே தொடங்கினார். ஆசிரியர் கையில் பாடம் சேர்ந்த பின்னரே அது பிள்ளைகளின் செவிக்குச் சேர்ந்தது.

அவ்வேலை இன்னும் முடியவில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், உள்நாட்டுப் போருக்கு அடிமை முறையே முதன்மைக் காரணம் என்று சரியாகச் சொன்ன பள்ளி இறுதியாண்டு மாணவர் நூற்றுக்கு 8 பேரே. அடிமை முறையைக் கற்பிக்க வேண்டும் என்று விரும்பும் ஆசிரியர்களுள்ளும் பலர் அதற்குரிய துணை தமக்கு இல்லை என்றனர். 2021 முதல் அந்நாட்டின் சில மாநிலங்கள் இத்தகைய பாடங்களுக்கு வரம்பிட்டுச் சட்டங்களும் இயற்றியிருக்கின்றன. இருந்தும் ஆசிரியர்கள் விடுமுறை நாட்களில் கூடி, மூல ஆவணங்களைப் படித்து, ஒருவர்க்கொருவர் பாடம் நடத்திக் காட்டிப் பழகுகின்றனர்.

இது அயலார் கதை, நமக்கென்ன என்று சொல்வார்க்கு ஒன்று கூறுவோம். இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று நெடுங்காலமாய் அறியும். 1873இல் ஜோதிராவ் புலே தம் அடிமைத்தனம் பற்றிய நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் டாக்டர் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர் இனத்தார் அளித்த விண்ணப்பத்தின் படியை வேண்டினார். டுபாய்சும் விடை எழுதினார். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றார். தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அதன் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்த உங்களைப் போன்ற ஒருவர் என்னும் பொருள்பட அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் அது சுருக்கென்றது. பின்னர் எண்ணிப் பார்த்து, ஆம், உண்மைதான் என்று உணர்ந்தார். 1965இல் தம் திருச்சபையில் அவரே இதனைச் சொன்னார். ஒரு பள்ளி ஆசிரியரின் ஒரு வாக்கியம் உலகறிந்த தலைவர் ஒருவருக்குப் பாடமாயிற்று!

நம் நாட்டுப் பாடநூலும் இவ்விரண்டையும் ஒருமுறை இணைத்துக் காட்டியது. 2007இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வெளியிட்ட ஏழாம் வகுப்புச் சமூக அரசியல் நூலில் சமத்துவம் பற்றிய பாடம் ஒன்று இருந்தது. பேருந்தில் இடம் விட்டு எழ மறுத்த ரோசா பார்க்சும், பள்ளி முற்றத்தைப் பெருக்க வைக்கப்பட்ட சிறுவன் ஓம்பிரகாஷ் வால்மீகியும் அதே பாடத்தில் இடம்பெற்றனர். ஆண்டுகள் பல அது வகுப்பறைகளில் பயன்பட்டது. வால்மீகியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தவர் யார்? தலைமையாசிரியர்! மற்றப் பிள்ளைகள் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க, அச்சிறுவன் நாள் முழுதும் பெருக்கினான். அப்பாடத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் தம் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் கொடுமையையும் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கிறது. அதற்கு நெஞ்சுரமும் வேண்டும், முறையும் வேண்டும்.

அம்முறை யாது? இத்துறையில் பழகியவர்கள் வற்புறுத்தும் சிலவற்றை நம் அன்பர்களுக்கு எடுத்துரைப்போம்.

முதலாவதாக, எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, "நீ சொல், உங்களவர் பட்ட துன்பம் என்ன?" என்று கேட்கலாகாது. வகுப்பில் உள்ள ஒரே கறுப்பினப் பிள்ளையோ, வாடாவிலிருந்து வரும் பிள்ளையோ, தன் மக்கள் அனைவர்க்கும் சாட்சி சொல்லும் பொறுப்பைச் சுமக்க வேண்டியதில்லை. தானே முன்வந்து சொன்னால் மரியாதையுடன் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, அடிமைச் சந்தையையோ தீண்டாமையையோ நடித்துக் காட்டச் சொல்லலாகாது. துன்பத்தை உணரவைக்கும் நல்லெண்ணத்தோடு சில ஆசிரியர்கள் அவ்வாறு செய்வதுண்டு. அந்நாடகம் முடிந்த பின் ஒரு பிள்ளை வீட்டுக்கு நகைப்போடு செல்லும். மற்றொரு பிள்ளை அவமானத்தோடு செல்லும்.

மூன்றாவதாக, துன்பத்தை மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. எதிர்த்து நின்றதையும், ஆக்கியதையும், பாடியதையும் சொல்ல வேண்டும். தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவா ஆசிரியராய்ப் பணியாற்றியவர்; தீண்டாமையை நேரில் பட்டவர். 1941இல் வெளிவந்த கப்பிலம் என்னும் காவியத்தில், கோயிலுக்குள் நுழைய இயலாத மனிதன், அங்கே தடையின்றிப் பறந்து செல்லும் வௌவாலைத் தூது விடுகிறான். மேகத்தையும் அன்னத்தையும் தூது விட்ட இலக்கிய மரபு நமக்குத் தெரியும். வௌவாலைத் தூது விட்ட கற்பனையைக் கேட்கும் பிள்ளைக்கு இரக்கம் மட்டும் தோன்றாது. வியப்பும் மதிப்பும் தோன்றும்.

நான்காவதாக, ஒரே கதையை ஒரே வாயால் கேட்டு முடிவு செய்யாமல், இரண்டு சான்றுகளை அருகருகே வைத்துப் பார்க்கப் பழக்க வேண்டும். நந்தனார் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாரைத் தடுக்கும் வேதியப் பண்ணையார் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய சரித்திரக் கீர்த்தனையில் அவர் வருகிறார். ஏன் வருகிறார்? இடைப்பட்ட காலத்தில் எது மாறிற்று? இக்கேள்வியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முன் வைத்துப் பாருங்கள். பிறகு, 1916இல் அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் கல்விப் பணி தொடங்கியதைச் சொல்லுங்கள். வட ஆர்க்காட்டு ஆரணிப் பக்கத்தில் பிறந்தவர் அவர். பக்திக் கதையாய் மட்டும் கேட்டு வந்த ஒன்று, நம் மண்ணின் வரலாறாய்ப் பிள்ளைகளின் கண்முன் நிற்கும்.

ஐந்தாவதாக, இவையெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று சொல்லலாகாது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க இயலுமா? ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் புகுந்தவர்களால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பின் தமிழக அரசு நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர்க் குழுவாய் அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை மாணவரோடு நின்றுவிடவில்லை. ஆசிரியரையும் நோக்கிப் பேசிற்று. ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் சமூகச் சிக்கல்கள் பற்றியும் சட்டங்கள் பற்றியும் வகுப்பு நடத்த வேண்டும், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் நீங்க வேண்டும், சாதி காட்டும் கைக்கயிறுகள் கூடா என்பன அதன் பரிந்துரைகளுள் சில. 2025இல் தமிழக அரசு, குடியிருப்புகளைக் குறிக்கும் காலனி என்னும் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்றும் பெயரிட்டது. பெயர் மாற்றம் நன்று. ஆனால் பெயர் ஏன் மாறிற்று என்பதைச் சொல்லத் தெரிந்த ஆசிரியர் இல்லையேல் பலகை மட்டுமே மாறியிருக்கும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழிற்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அந்த 50 மணியில் 5 மணியை இதற்கென ஒதுக்கினால் கார்வேட்டிநகரத்தில் பயிலும் இளம் ஆசிரியர்கள் வெதுருகுப்பத்துப் பெயர்ப் பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொள்வர் அன்றோ?

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் வாழும் நாம், நம் பிள்ளைகளின் நிறத்தையோ பெயரையோ எவரேனும் இகழ்ந்தால் கொதித்தெழுகிறோம். பள்ளித் தலைவரைச் சென்று காண்கிறோம். அது முறையே. ஆனால் நம் கூட்டங்களிலே புதிதாய் வந்த குடும்பத்தை நோக்கி, "எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊரில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று கேள்வி நீள்வது எதற்காக? கேட்பவர்க்கும் தெரியும், கேட்கப்படுபவர்க்கும் தெரியும். விடை சொல்லாமல் புன்னகைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வராமலே போகும் குடும்பங்களை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? வெள்ளையர் செய்தால் இனவெறி, நாம் செய்தால் விசாரிப்பு என்பது நியாயமாகுமா?

இவ்வினா இன்று நம் கூடத்தோடு நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அடுத்த திங்களே கனடாவின் டொராண்டோ பள்ளி வாரியம், தன் பள்ளிகளிலும் சாதிப் பாகுபாடு உண்டென ஏற்று, ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் துணையை நாடத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தைக் கொணர்ந்த உறுப்பினர் யாழினி ராஜகுலசிங்கம் ஒரு தமிழ்ப் பெண்மணி. கறுப்பின வரலாற்றுத் திங்களை முன்மாதிரியாய்க் கொண்டு, 2015 முதல் ஏப்ரல் திங்களைத் தலித் வரலாற்றுத் திங்களாகச் சிலர் கொண்டாடி வருகின்றனர். நம் பிள்ளைகள் பள்ளியில் இவற்றைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, "அம்மா, நாம் யார்? நம் ஊரில் இப்படி உண்டா?" என்று கேட்கும் நாள் தொலைவில் இல்லை. அன்று நாம் வாய் மூடினால், அந்த மௌனத்தையும் அவர்கள் பாடமாகவே கொள்வர்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கற்பிப்போர் பெரும்பாலும் நம் தாய்மார்களும் இளைஞர்களுமே. ஊதியம் கருதாது அகரம் கற்பிக்கும் அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அவர்களுக்காக ஆண்டுக்கு ஒருநாள் சங்கங்கள் ஒதுக்கட்டும். விருந்தும் மாலை மரியாதையும் வேண்டா. அவ்வூர்ப் பள்ளியில் கறுப்பின வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அழைத்து, அவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்று கேட்கட்டும். பிற்பகலில், நந்தனார் பாடத்தையோ ஜாஷுவாவின் வாழ்க்கையையோ நம்மவர் ஒருவர் நடத்திக் காட்டட்டும். மற்றவர் குறை நிறை சொல்லட்டும். விரும்புவோர் தம் ஊரின் ஒரு பெயரையேனும், ஒரு தெருவையேனும், ஒரு கிணற்றையேனும் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டெழுதி வரட்டும். எவரையும் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்னும் விதியை வாசலிலேயே எழுதி வைப்போம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய பாடம் பிள்ளையின் புத்தகத்தில் வரும்போது, "இதெல்லாம் ஏன் இப்போது?" என்று ஆசிரியரிடம் முறையிடச் செல்லாதீர்கள். எவ்வாறு கற்பிக்கிறீர்கள் என்று கேட்கச் செல்லுங்கள். நன்கு கற்பித்தால் ஒரு சொல் பாராட்டுங்கள். இவ்வகைப் பாடத்தைத் துணிந்து நடத்தும் ஆசிரியர்க்குக் கண்டனக் கடிதங்கள் எளிதில் வந்து சேர்கின்றன. பாராட்டுக் கடிதம் அரிதாகவே வருகிறது.

வெதுருகுப்பத்துச் சிறுவன் கேட்கும் கேள்விக்கும் டொராண்டோவில் நம் பேத்தி கேட்கும் கேள்விக்கும் வேறுபாடு பெரிதில்லை. இருவரும் தம் பெயரின் பொருளைத்தான் கேட்கின்றனர். உண்மையை, அவர்கள் தலை நிமிர்ந்து கேட்கும்படி சொல்லத் தெரிந்த ஒருவர் அவ்விருவர்க்கும் வேண்டும். அத்தகையவர் தாமே தோன்றுவதில்லை. கற்று, பழகி, ஒருவர்க்கொருவர் துணை நின்று உருவாகின்றனர். அதற்கு ஒரு நாளும் ஒரு கூடமும் ஒதுக்கித் தருவது சங்கங்களால் இயலும் செயலே. வரும் ஆண்டுத் திட்டத்தில் அந்நாளைச் சேர்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.